ராஜா பாட்டும் என் தொண்டையும்

பிப்ரவரி 9, திங்கள்

இன்றும் தொலைபேசியில் என்னை அப்பா என்று நினைத்துவிட்டார்கள். குழாய் பழுது பார்ப்பவர். "சார், சாயங்காலம் வரட்டுமா?" என்றார். "வாங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன். அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை. வெளியில் யாராவது என் குரலைக் கேட்டுத் திரும்பிப் பார்த்தால் அவர் உடனே முந்திக்கொள்வார்: "அவளுக்குச் சளி பிடிச்சிருக்கு." பதினோரு வயதில் பிடித்த சளி. பதினாறு ஆகிவிட்டது, இன்னும் குணமாகவில்லை.

எழுத உட்கார்ந்தது அதற்காக இல்லை. இசைப் பள்ளியில் பாட்டு வகுப்பு முடிந்ததும் டோல்ஃபின் டீச்சர் என்னை நிற்கச் சொன்னார்.

"நீவெஸ், உன் காது நல்ல காது. உழைப்பும் குறையில்ல. குரல்தான் எந்த அலமாரியிலயும் அடங்க மாட்டேங்குது. வியோலாவுக்கு மாறிடேன்."

உடனே இல்லையாம். மே மாதக் கச்சேரியில் நான் பாடும் ஆரியாவை, அதாவது நாடகத்தில் ஒருவர் தனியாகப் பாடும் பாட்டை, கேட்டுவிட்டு மூன்று ஆசிரியர்கள் முடிவு செய்வார்கள்: அடுத்த வருஷம் பாட்டு வகுப்பில் இருப்பேனா, இல்லையா.

வியோலா நல்ல வாத்தியம், வயலினுக்கு அக்கா. அதன் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஆனால் எனக்குப் பாட வேண்டும்.

பிப்ரவரி 12, வியாழன்

அல்வீசெவுக்கு மே மாதத்துக்கான ஆரியா கொடுத்தார்கள். எங்கள் வகுப்பில் ஒரே டெனர் அவன்தான். ஆண் குரலில் உயரமான வகை. பாட்டை எழுதியவர் எங்கள் ஊர்க்காரர், முந்நூறு வருஷத்துக்கு முந்தியவர், இப்போது யாருக்கும் தெரியாதவர்.

ஒரு ராஜா கடற்கரையில் நிற்கிறார். போருக்குப் போன மகனின் கப்பல் வரவில்லை. அந்தக் காலத்துப் பரோக் இசை நாடகங்களில் ராஜாக்கள் கத்துவார்கள், பழி வாங்குவேன் என்பார்கள், எக்காளம் ஊதும். இவர் விளக்குக்காரனைக் கூப்பிட்டு, "இன்னும் கொஞ்ச நேரம் விளக்கை அணைக்காதே" என்று மட்டும் கேட்கிறார். நீர் வடிந்த நேரத்தில் கால்வாய்ப் படிகளில் ஒருவர் பாசி வழுக்காமல் ஒவ்வொரு படியாக இறங்குவது போல மெட்டு இறங்குகிறது.

எனக்குப் பிடரி சிலிர்த்தது. அல்வீசெ உருளைக்கிழங்கு சிப்ஸ் தின்றுகொண்டே தாளைப் புரட்டினான்.

எங்கள் வீடு இருக்கும் ஜூதெக்கா தீவுக்குத் திரும்பும் படகு பஸ்ஸில் முனகிப் பார்த்தேன். துறையில் நிறுத்த இன்ஜினைப் பின்னால் ஓட்டும்போது ஒரு உறுமல் வருமே, அதுவும் என் கடைசிக் கீழ் ஸ்வரமும் ஒன்று! இரண்டு பேரும் சேர்ந்து பாடினோம். யாருக்கும் தெரியவில்லை.

பிப்ரவரி 17, செவ்வாய்

திருவிழாவின் கடைசி நாள். தெருவெல்லாம் முகமூடி, வகுப்பெல்லாம் சீனி தூவிய பணியாரம். நல்ல மனநிலையில் இருப்பார் என்று நினைத்து டீச்சரிடம் கேட்டேன். ராஜா பாட்டை நான் பாடலாமா?

"அது டெனருக்கு எழுதினது."

அல்வீசெ வாயெல்லாம் சீனியோடு, "அப்ப ராணி பாட்டு எனக்கு. கவுனும் குடுத்துடணும்" என்றான். எல்லாரும் சிரித்தார்கள்.

பியானோவுக்குப் பாட்டி மாதிரியான ஹார்ப்சிகார்டை வாசிக்கும் ஃபொஸ்கா எனக்காகச் சண்டை போட்டாள். "டீச்சர், இளவரசன் பாட்டெல்லாம் யாருக்கு எழுதினது? குரல் உடையக் கூடாதுன்னு சின்ன வயசுலயே அறுவை பண்ணின ஆம்பளைங்களுக்கு. அந்தக் கொடுமை இப்ப இல்ல. அதையெல்லாம் பொம்பளைங்களும் பாடறாங்க, மெல்லிய குரல்ல பாடற ஆம்பளைங்களும் பாடறாங்க. அதை மட்டும் யாரும் தப்புன்னு சொல்றதில்லையே?"

"அந்தக் குரலுக்கு இன்னைக்கு ஆள் இல்லம்மா. ஆள் இல்லாத பாட்டை யாராவது பாடித்தானே ஆகணும்? டெனருக்கு ஆள் இருக்கே." டீச்சர் குரலை உயர்த்தவே இல்லை. "அந்தக் காலத்துல பாட்டுக்காரன் தொண்டையை முதல்ல கேட்டுட்டுத்தான் பாட்டு எழுதுவாங்க. அளவெடுத்துத் தைச்ச சட்டை. அடுத்தவன் போட்டா தோள் தொங்கும்."

வழியெல்லாம் யோசித்தேன். சொந்தக்காரன் இல்லாத வீட்டில் யார் வேண்டுமானாலும் குடியிருக்கலாம். என் பாட்டின் சொந்தக்காரனோ இரண்டாவது பெஞ்சில் உட்கார்ந்து பணியாரம் தின்கிறான். பதில் கிடைக்கவில்லை.

மார்ச் 4, புதன்

பதில் கிடைத்தது என்று நினைத்தேன். நூலகத்தில் கூட இல்லை, எங்கள் பள்ளிக்கு வரும் வழியிலேயே! தினமும் தாண்டிப் போகும் அந்தப் பழைய அநாதை விடுதி. அந்தக் காலத்தில் அங்கே இருந்த பெண்கள் கம்பித் தடுப்புக்குப் பின்னால் நின்று எல்லாக் குரலும் பாடினார்கள். டெனர், அதற்கும் கீழே பாஸ், எல்லாம் பெண்களே. ஊர் முழுக்கத் தெரிந்த கதை. எனக்கு மட்டும் இவ்வளவு நாள் உறைக்கவில்லை.

டீச்சர் கேட்டுவிட்டுத் தலையசைத்தார். "உண்மைதான். ஆனா எழுதினவங்களுக்கு அந்தப் பெண்களைத் தெரியும். அவங்க தொண்டைக்குத்தான் எழுதினாங்க. நீ சொல்றது என் கட்சிக்குத்தான் சாட்சி."

தோற்றேன். நியாயமாகத்தான் தோற்றேன், அதுதான் எரிச்சல்.

ஆனால் போகும்போது, "பதினெட்டாம் தேதி ஒரு தடவை பாடிக் காட்டு. வாதாடினது போதும்" என்றார்.

மார்ச் 18, புதன்

எழுதவே பிடிக்கவில்லை.

பாடினேன். ஒரு ஸ்தாயி மேலே தூக்கிப் பாடினேன் — பெண்கள் அப்படித்தானே பாடுவார்கள்? மெட்டு வாத்தியத்துக்கும் மேலே போய் நின்றது. என் குரல் அங்கே கீச்சென்று, மெலிசாக, எனக்கே யாரோ மாதிரி. படி இறங்கவில்லை, கூரையில் நடந்தது.

அல்வீசெ மெதுவாகச் சொன்னான், ஆனால் எல்லாருக்கும் கேட்டது: "ராஜா ரியால்தோ சந்தையில மீன் விக்கறாரு."

எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். ஏன் சிரிச்சேன்? சிரிக்காம இருந்திருக்கலாமே.

டீச்சர் சிரிக்கவில்லை. "பாத்தியா, தோள் தொங்குது" என்றார், அன்பாகவே. அந்த அன்புதான் தாங்கவில்லை.

மார்ச் 19, வியாழன்

மேலே தூக்கிப் பாடச் சொன்னது யார்? யாருமே சொல்லவில்லை.

மார்ச் 20, வெள்ளி

நேற்று இரவு அந்த ஒரு வரிக்கு மேல் எழுத முடியவில்லை. இப்போது எழுதுகிறேன்.

தாளில் இருக்கிற ஸ்வரங்கள் அப்படியே என் தொண்டையில் இருக்கின்றன. இன்ஜினோடு தினமும் பாடுகிறேனே! எல்லார் முன்னாலும் கீழே இறங்க வெட்கப்பட்டேன், அவ்வளவுதான். அடுத்தவர் பாட்டைப் பாட உரிமை வேண்டும் என்று ஒரு மாதம் சண்டை போட்டுவிட்டு, சொந்தக் குரலை ஒளித்து வைத்துக்கொண்டு போனேன். பாட்டு யாருடையது என்று பார்த்தேனே தவிர, தொண்டை யாருடையது என்று பார்க்கவில்லை.

ஃபொஸ்காவிடம் சொன்னேன். "இதைக் கண்டுபிடிக்க உனக்கு ஒரு மாசமா? சரி, வா."

மார்ச் 27, வெள்ளி

எழுதியிருக்கிற இடத்திலேயே பாடினேன். ஃபொஸ்கா பாதியில் நிறுத்திவிட்டாள்.

"நீ பாடறியா? என் இடது கை மட்டும்தான் எனக்குக் கேக்குது."

அவள் தாளில் கீழ் வரி மட்டும்தான் இருக்கும், அதற்கு மேல் சில எண்கள். மீதியை வாசிப்பவரே அந்தந்த நேரத்தில் நிரப்பிக்கொள்ள வேண்டும். அவள் வழக்கம்போல நடுவில் நிரப்பினாள். நான் நிற்க வேண்டிய இடமும் அதுதான். கூட்டமான படகில் ஏறியது போல இருந்தது.

"தள்ளி உட்காருடி" என்றேன்.

அவள் வலது கையை மேலே கொண்டுபோனாள், இடது கையில் பாதி ஸ்வரங்களை விட்டாள். நடுவில் ஒரு அறை திறந்தது. உள்ளே போய் நின்று பாடினேன்.

முடிந்ததும் ஃபொஸ்கா தாளை முதல் பக்கத்துக்குத் திருப்பினாள். பிறகு அவள், "மறுபடி" என்றாள்.

ஏப்ரல் 10, வெள்ளி

டீச்சரிடம் சொன்னேன், கச்சேரியில் ராஜா பாட்டைத்தான், அதுவும் கீழேயே பாடப் போகிறேன் என்று.

"குரல் மூணாவது வரிசையைத் தாண்டாது நீவெஸ்."

"தாண்டாட்டி மூணு வரிசை கேக்கட்டும் டீச்சர்."

எங்கிருந்து வந்தது இந்த வாய் எனக்கு? டீச்சர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், "அல்வீசெவும் பாடட்டும், நீயும் பாடு. அப்புறம் வருத்தப்படக் கூடாது. எப்படிப் பாடறேங்கறதை வெச்சுத்தான் முடிவு" என்றார். சரி என்றேன்.

ஏப்ரல் 16, வியாழன்

காப்பி இயந்திரத்தின் பக்கத்தில் அல்வீசெ என்னைப் பிடித்தான்.

"ஏய், ஒண்ணு சொல்லுவேன், யார்கிட்டயும் சொல்லக் கூடாது."

"சொல்லு."

"ராஜா பாட்டுல கீழ இறங்கற இடம் இருக்குல்ல, அங்க எனக்கு வெறும் காத்துதான் வருது. ஸ்வரமே வரல."

"பின்ன ஏன் பாடற?"

"டெனர்னு போட்டிருக்கே!"

அந்தக் காலத்து டெனர்கள் பலர் இப்போதைய டெனர்களை விடத் தாழ்ந்த குரல்காரர்கள் என்று படித்திருக்கிறேன். அல்வீசெவின் குரல் மேலேதான் பளபளக்கும். ஆக, சட்டையின் சொந்தக்காரனுக்கே தோள் தொங்குகிறது! டீச்சரிடம் போய்ச் சொல்லச் சொன்னேன். பயந்துகொண்டே போனான். ஐந்து நிமிஷத்தில் திரும்பி வந்தான்.

"ஒரு ஸ்வரம் மேல ஏத்திப் பாடுன்னுட்டாங்க. சகஜமாம்."

சகஜமாம்! எனக்கு ஒரு மாத வாதம், அவனுக்கு ஐந்து நிமிஷம். கோபம் வந்தது, உடனே சிரிப்பும் வந்தது. எழுதியவாறே பாடப் போவது இந்தப் பள்ளியில் நான் ஒருத்திதான்.

"மீன் விக்கறாருன்னு சொன்னதுக்கு மன்னிச்சுடு" என்றான் அவன்.

"நல்லாத்தான் சொன்ன. வித்தேன்."

ஏப்ரல் 25, சனி

இன்று ஊரில் ஆண்கள் பெண்களுக்கு ரோஜா மொட்டு கொடுக்கும் நாள். அப்பா அம்மாவுக்கு ஒன்று, எனக்கு ஒன்று வாங்கி வந்தார். மாடிப்படியில் கீழ் வீட்டு அம்மா எதிர்ப்பட்டார். நான் வணக்கம் சொன்னேன். அவர் முகம் மாறுவதற்குள் அப்பா: "சளி."

மொட்டைத் தண்ணீரில் வைத்தேன்.

மே 22, வெள்ளி

கச்சேரி முடிந்தது.

முதலில் அல்வீசெ. ஒரு ஸ்வரம் மேலே ஏற்றியதும் வேறு ராஜாவாகிவிட்டார்: கடலோடு சண்டை போடுகிறவர், மகனைக் கொடு என்று அதட்டுகிறவர். நன்றாக இருந்தது. உண்மையிலேயே. மேடையை விட்டு இறங்கும்போது என் காதில், "மேடையைச் சூடு பண்ணி வெச்சிருக்கேன், போ" என்றான்.

அதே பாட்டு மறுபடியும் என்றதும் கூடத்தில் ஒரு சலசலப்பு. பின்னால் கதவருகில் அப்பா. வேலை முடிந்து படகு பஸ் ஊழியர் சீருடையோடேயே வந்து நிற்கிறார்.

நான் ஆரம்பித்ததும் யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள், யாரோ இருமினார்கள். என் குரல் முதல் வரிசைக்காவது போனதா என்றே தெரியவில்லை. உரக்கப் பாடலாமா? வேண்டாம். இந்த ராஜா விளக்குக்காரனிடம்தானே பேசுகிறார், அவன் பக்கத்தில்தானே நிற்கிறான். அவனிடமே பேசினேன். விசிறிக்கொண்டிருந்த ஒரு அம்மாளின் கை நின்றது. பிறகு வேறு விசிறிகளும் நின்றன. கழுத்தை நீட்டிக் கேட்டார்கள்.

கடைசிக் கீழ் ஸ்வரத்தில் ஃபொஸ்கா இரண்டு கைகளையும் எடுத்துவிட்டாள். ஒத்திகையில் அப்படிச் செய்ததே இல்லை! நான் தனியாக அங்கே நின்றேன். இன்ஜின் கூட இல்லை. கடைசி வரிசை வரை என் குரல் மட்டும் இருந்தது.

முடிவு சொல்லும் மூன்று ஆசிரியர்களில் ஒருவர், "அழகு, ஆனா இது அந்தக் காலத்து முறையில்ல" என்றாராம். இன்னொருவர், "இதுதான் அந்தக் காலத்து முறை" என்றாராம். டோல்ஃபின் டீச்சர் குறிப்பேட்டை மூடிப் பைக்குள் வைத்தாராம்.

வெளியே அப்பா காத்திருந்தார். "பசிக்குதா?" என்று மட்டும் கேட்டு இறால் சாண்ட்விச் வாங்கிக் கொடுத்தார். நான் ஒன்று கேட்க, இரண்டு.

மே 23, சனி. மே 24, ஞாயிறு

காத்திருக்கிறேன்.

மே 26, செவ்வாய்

டீச்சர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"நான் இன்னமும் அதே கட்சிதான். அளவெடுத்த சட்டை அளவு குடுத்தவனுக்கு."

வியோலா வகுப்பு எந்த மாடியில் என்று யோசிக்க ஆரம்பித்தேன்.

"ஆனா ஒண்ணு. இந்தப் பாட்டை நானும் எத்தனையோ பேருக்குச் சொல்லிக் குடுத்திருக்கேன். அந்த ராஜா, தன் பயம் அரண்மனைக்குக் கேட்டுடக் கூடாதுன்னு பாடறார்ங்கறது எனக்குத் தோணினதே இல்ல. உரக்கப் பாடறவங்க கிட்டயே கேட்டுப் பழகிட்டேன்."

பிறகு திரும்பினார். "செப்டம்பர்ல வியோலா வகுப்பு வாசல்ல நின்னுட்டிருக்காத. நேரா இங்க வா. அடுத்த வருஷமும் நாம சண்டை போடணும்."

ஃபொஸ்காவைத் தேடி மூன்று மாடி ஓடினேன். அவள் ஹார்ப்சிகார்டுக்குச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தாள். "காது கேக்கணும், கத்தாத" என்றாள். என்னிடம்! கத்தாதே என்று என்னிடம் யாரும் சொன்னதே இல்லை.

ஜூன் 7, ஞாயிறு

அப்பா வேலை பார்க்கும் படகு பஸ்ஸிலேயே ஏறினேன். அவர் கயிற்றோடு கம்பிக் கதவருகில். நான் பக்கத்தில் சாய்ந்துகொண்டு. நல்ல வெயில், நல்ல காற்று. சக்கரப் பை வைத்திருந்த ஒரு பாட்டியம்மா அடுத்த துறை எது என்று கேட்டார். சொன்னேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். அப்பாவிடம் திரும்பி, "பொண்ணுக்குச் சளியா?" என்றார்.

இன்ஜின் பின்னால் ஓடி உறுமியது. அப்பா கயிற்றை வீசி, கட்டையில் சுற்றி, இறுக்கினார். கதவைத் தள்ளித் திறந்துவிட்டார்.

"இல்லைங்க" என்றார். "அவ குரலே அதுதான்."