பொன்னாடைக்கு உரியவர்

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய பூங்கொத்து மண்டபத்துக்கே வந்து சேர்ந்தது. நேற்று நோர்பரி மண்டபத்தில் அப்பாவைக் கௌரவித்தார்கள். இந்த நகரத்துப் பிள்ளைகளின் அரங்கேற்றங்களுக்கு முப்பது வருடமாக மிருதங்கம் வாசித்தவருக்கு இதுதான் முதல் மேடை மரியாதை.

உன்னோடு படித்த கோசிகா இப்போது பெரிய பாடகி. அவள்தான் பேசினாள். "அரங்கேற்றத்திலை எனக்குப் பாட்டு மறந்துபோச்சு. மாமா என்னைப் பார்த்துச் சிரிச்சபடி வாசிச்சுக்கொண்டே இருந்தார். வரி நினைவுக்கு வருமட்டும் நிப்பாட்டேல்லை. நான் தடுமாறினது சபையிலை ஒருத்தருக்கும் விளங்கேல்லை."

சபை எழுந்து கைதட்டியது. அப்பாவும் எழுந்து தட்டினார். பிறகு என் பக்கம் குனிந்து கேட்டார்: "ஆரப்பா அந்த மனுசன்? இஞ்சை வந்திருக்கிறாரோ?"

"ஓம், வந்திருக்கிறார்," என்றேன்.

"நல்ல வித்துவான். ஒருக்கா எனக்குக் காட்டும், கும்பிடவேணும்."

அப்பா தனக்குப் போர்த்திய பொன்னாடையைக் கழற்றி மடித்து, அந்த மனுசனிடம் கொடுக்கவேண்டும் என்று மடியில் வைத்துக்கொண்டார். பஸ்ஸிலும் அப்படியே இருந்தார். இன்று காலையும் அதைக் கையில் வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தபடி இருக்கிறார்.

டொக்டர் சொன்னதை எழுத மனம் வரவில்லை. உனக்கு லீவு கிடைப்பது கஷ்டம் என்றும் தெரியும். நான் ஒன்றும் கேட்கவில்லை, பிள்ளை. உன் பெயரை மட்டும் அவர் இன்னும் பிழையில்லாமல் சொல்கிறார்.

அம்மா