வேலையில்லாதவர் எத்தனை பேர்

பினாங்கு
3-6-1943

அன்புள்ள தங்கச்சி சற்குணத்துக்கு,

மரவள்ளிக்கிழங்கின் தயவில் சுகமாயிருக்கிறோம். உன் பேரன் விநாசித்தம்பிக்கு ஜப்பான்காரன் கந்தோரில் உத்தியோகமாம், அரிசியும் கொடுக்கிறார்களாம். வடிவம்மாள் கோயிலில் சொன்னாள். சீனியர் கேம்பிரிட்ஜ் சோதனையில் கோட்டை விட்டவனாயிற்றே என்று நம்பாமல் மறுபடியும் சொல்லச் சொன்னேன். சந்தோஷம்.

பாஸ் பண்ணிய என் பேரன் அப்புத்துரை கந்தோர் கந்தோராக ஏறி இறங்கிவிட்டு, இப்போது வேலை தேடுவதையே விட்டுவிட்டான். கொல்லையில் கிழங்கு கொத்துகிறான். யாருக்கு வேலை உண்டு, யார் தேடுகிறார், யார் சும்மா இருக்கிறார் என்று வீடு வீடாகக் கணக்கெடுக்க ஜப்பான்காரன் ஆட்கள் வருகிறார்களாம். தெருவே காது கொடுத்து நிற்கும். எனக்கு வெட்கமாயிருக்கிறது.

உன் அக்கா
செல்வநாயகி

புக்கிட் மெர்த்தாஜம்
7-6-1943

என் பிரியமுள்ள அக்காவுக்கு,

கொஞ்சம் அரிசி கொடுத்தனுப்பியிருக்கிறேன். கணக்கெடுக்க வந்தால், அப்புத்துரை தோட்டம் கொத்துகிறான், வேலை தேடவில்லை என்று சொல்லுங்கோ. தேடுகிறான் என்று மட்டும் சொல்லிப்போடாதையுங்கோ. ஏனென்று எழுத ஏலாது. கடிதம் எத்தனை கை மாறி வருகிறதென்று உங்களுக்குத் தெரியும். என்னை நம்புங்கோ.

சற்குணம்

பினாங்கு
18-6-1943

சற்குணத்துக்கு,

அரிசி வந்தது. கல் அதிகம்.

உன் பேரன் உத்தியோகத்தன், என் பேரன் எதற்கும் உதவாதவன் என்று அரசாங்கமே எழுதவேண்டும், அதுதானே உன் ஆசை? கணக்கெடுக்க வந்தவரிடம் நான் முந்திக்கொண்டேன். "தேடுகிறான் தம்பி. எங்கே கூப்பிட்டாலும் போவான்."

"ஆச்சி, நான் எப்ப தேடினனான்?" என்றான் அப்புத்துரை.

"சும்மா இரடா."

மூன்றாம் நாளே உத்தரவு வந்துவிட்டது. சயாமில் ரயில்வே வேலை, மூன்று மாதம். அவன் தாத்தா ஈப்போ ஸ்டேஷனில் கிளார்க்காக இருந்தபோது போட்ட வெள்ளைக் கோட்டை அவனுக்கு மாட்டி, பையில் பேனையும் குத்தி அனுப்பினேன். உன் வீட்டில் ரயில்வே உத்தியோகம் யாருக்காவது உண்டா?

செல்வநாயகி

பினாங்கு
20-12-1943

என் தங்கச்சிக்கு,

சயாமிலிருந்து ஒரு வரி இல்லை. அவனோடு லொறியில் ஏறின ஒருவன் தப்பி வந்திருக்கிறான். "அங்க பேனைக்கு என்ன வேலை ஆச்சி, காட்டுக்குள்ள தண்டவாளம் போட மண் சுமந்தம். காய்ச்சலில விழுந்தவன் எழும்பேல்லை" என்றான். அப்புத்துரை எங்கே என்றேன். எழும்பிப் படியிறங்கிப் போய்விட்டான்.

நேற்று மறுபடியும் கணக்கெடுத்தார்கள். இந்த வீட்டில் வேலையில்லாதவர் எவருமில்லை என்று எழுதிக்கொண்டு போனார்கள். கிழங்கு மண்ணுக்குள்ளேயே முற்றிக் கிடக்கிறது.

உன் அரிசியிலும் உத்தியோகத்திலும் இப்போது எனக்கு எரிச்சல் இல்லை. சாயங்காலம் விநாசித்தம்பி வாசலில் வந்து செருப்பைக் கழற்றுவான் அல்லவா, அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. அதை மட்டும் எனக்கு எழுதாதே. மற்றதெல்லாம் எழுது.

அக்கா