ஆட்டுப்பால் காசு

அன்புள்ள மாமாவுக்கு,

பிள்ளை சுகம். நானும் சுகம் என்று எழுதினால் நம்பமாட்டீர்கள்.

மாரியம்மன் திருவிழாவில் கங்காணி மட்டுமே எடுக்கும் உபயத்தை, நீங்கள் ஆசைப்பட்டபடி, இந்த வருஷம் ஒருநாள் நம் பெயரில் எடுத்தேன். பூசாரி உங்கள் பெயரை உரக்கச் சொன்னார். அன்றோடு போனது நிம்மதி.

மறுநாள் குழாயடியில் பக்கத்து வீட்டுச் சடைச்சி அக்கா கேட்டாள்: "ரப்பர் மரம் வெட்டுற கூலி எல்லாருக்கும் ஒன்னுதானே புள்ளே? ஒனக்கு மட்டும் எங்கேருந்துலா வருது?"

ஆட்டுப்பால் விற்கிறேன் என்றேன். காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போகிறதா என்று முள்வேலி கேட்டில் நம் சோற்றுச் சட்டியையும் திறந்து பார்க்கும் போலீஸ்காரரும் அதையே கேட்டார். அவரிடமும் ஆட்டைத்தான் சொன்னேன்.

அப்புறம் பயம் வந்துவிட்டது. மற்றவர்களைப் போல் கூலியோடு இருந்துவிடலாம் என்று இரண்டு ஆட்டையும் விற்றுத் தொலைத்தேன். அங்கேதான் என் புத்தி கெட்டது.

நேற்று உங்கள் பணம் வந்தது. தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணி அதைக் கொடுக்கும்போது அந்தப் போலீஸ்காரரும் நின்றார். "ஆடு போயிருச்சு. காசு மட்டும் வருதே, தங்கச்சி?" என்று சிரித்தார்.

கோலா சுங்கை பாருவில் நீங்கள் ஓட்டும் லாரியில் கருவாட்டுக்கு அடியில் என்ன ஏற்றுகிறார்கள் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. இப்போதும் கேட்கவில்லை. பணம் அனுப்பாதீர்கள். அங்கே இருக்கவும் இருக்காதீர்கள்.

பணம் வந்த, உங்கள் விலாசம் எழுதிய உறையை அந்தப் போலீஸ்காரர் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். இதைத் தபாலில் போடாமல் பஸ் கண்டக்டர் அண்ணனிடம் கொடுத்தனுப்புகிறேன். போலீஸ்காரர் அங்கே வருவதற்கு முன்னால் இது வந்து சேர வேண்டும்.

பொட்டோடு இருக்க ஆசைப்படும்
உங்கள் மனைவி