“வெறும் புகை, சார்”

சிங்கப்பூர், 1965 மார்ச் 8, திங்கள்

விடியற்காலையிலிருந்து மழை. சிராங்கூன் ரோட்டில் கணுக்கால் தண்ணீர். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு கிளினிக் போனேன்.

டாக்டர் சொன்னது: இனி ரத்தம் தடவிப் பார்க்கும் கண்ணாடித் துண்டைக் கழுவினால் மட்டும் போதாது. மைக்ராஸ்கோப்பும் பழக வேண்டும். லேப் சிவலிங்கம் சார் சொல்லித் தருவார். நான் தேறியதும் அவர் ஜூரோங் கிளினிக்குக்குப் போய்விடுவார்.

பாதி நாக்கில் சர்க்கரை, பாதி நாக்கில் வேப்பெண்ணெய்.

ஒரு கண்ணை மூடிக்கொண்டு குழாயில் குனிந்தேன்.

“ரெண்டையும் திறந்து வைங்கக்கா.”

“ஏன் சார், கண்ணடிக்கிறேன்னு பயமா?”

மனுஷனுக்குக் காது சிவந்துவிட்டது. என்னைவிட மூத்தவர். நான் அக்காவாம்!

9, செவ்வாய்

வெயில். படித்தவை: கீழே இருக்கும் கண்ணாடியைத் திருப்பி ஜன்னல் வெளிச்சம் பிடிப்பது. பெரிய திருகு, பார்க்கும்போது மேலே மட்டும். கீழே இறக்கினால் துண்டு நொறுங்கும். அப்புறம் சின்னத் திருகு, மயிரிழை அளவு.

பார்க்க ரத்தம் வேண்டுமே. சி. சார் தன் விரலையே குத்திக்கொண்டார். சாயம் போட்டு, காய வைத்து, குனிந்தால்...

ரோஸ் கலரில் குட்டிக் குட்டி உளுந்து வடை! நடுவில் வெளிறல். கண் கொள்ளாத வடை. அத்தனையும் அவர்.

“தெரியுதா?”

“வெறும் புகை, சார்.”

தெரிகிறது என்றால் ஜூரோங் அல்லவா?

துண்டை வலப்பக்கம் தள்ளினால் படம் இடப்பக்கம் ஓடுகிறது. என் வாயும் அப்படித்தான்.

11, வியாழன்

நேற்றும் புகை. இன்றும் புகை. கௌண்டர் மேரி சிரிக்கிறாள். “அக்கா, உங்களுக்குக் கண்ணு போச்சு. கண் டாக்டர்கிட்ட போங்க லா.”

“பார்க்க வேண்டியதெல்லாம் நல்லாத்தான் தெரியுது. போடி.”

சி. சார் சட்டையில் சோப்பு வாசம். பக்கத்தில் நின்று குனியும்போது நான் மூச்சு விடுவதில்லை. என் வீட்டுக்காரர் காலமான பிறகு இவ்வளவு கிட்டத்தில் யாரும் நின்றதில்லை, பஸ்ஸில் தவிர.

வரும் வழியில் ஒரு முழம் மல்லிகை. சாமி படத்துக்கு என்றேன். பூக்காரர் ஒன்றுமே கேட்கவில்லை.

12, வெள்ளி

மறுபடி மழை. சி. சாருக்குக் கிட்டப்பார்வை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுத்தான் குழாயில் பார்ப்பார். இன்றும் தன் கண்ணுக்குச் சரி செய்துவிட்டு எழுந்தார். நான் உட்கார்ந்தேன். மங்கல். விரல் சும்மா இருக்குமா? சின்னத் திருகை ஒரு தொடு. வடை பளிச்.

“புகைதான், சார்.”

என்னை நகரச் சொல்லிக் குனிந்தார். திருகைத் தொடவில்லை. எழுந்து, மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி குனிந்தார். ரொம்ப நேரம்.

“கண்ணாடி இல்லாம பார்த்தா எனக்குப் புகை. போட்டுப் பார்த்தா பளிச்சுன்னு இருக்கு. அப்ப இது நல்ல கண்ணு திருகி வச்சது.”

வாயாடி நான். துணியை எடுத்து மேஜையைத் துடைத்தேன்.

“எப்பலேர்ந்து தெரியுது?”

“செவ்வாய்க்கிழமையிலேர்ந்து.”

“ஏன் சொல்லல?”

“சொன்னா போயிடுவீங்களே.”

சொல்லியே விட்டேன்.

அந்த நேரம் பார்த்து டாக்டர் தலை நீட்டினார். “என்ன சிவலிங்கம், அம்மா தேறிட்டாங்களா?”

சார் என்னைப் பார்க்கவில்லை. துண்டை எடுத்து ஒளியில் பிடித்துக்கொண்டே இருந்தார்.

“இன்னும் புகைதான், டாக்டர். அடுத்த வாரமும் ஆகும்.”