பூஜா சேர்த்த ஒரு வரி

அடி அண்ணாமலை,
ஞாயிறு காலை.

அன்புள்ள பூஜாவுக்கு,

வேலூரில் எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாங்களும் நலம். என் போன் எண்ணை நீ தடுத்து வைத்திருப்பதால் தபாலில் எழுதுகிறேன். முகவரியைத் தமிழ்செல்வி டீச்சர் கொடுத்தார்.

கம்ப்யூட்டர் வகுப்பில் டீச்சர் பார்ஷியல் அப்ளிகேஷன் நடத்திய அன்று எனக்குப் புரியவில்லை. மூன்று மதிப்புகள் கேட்கும் செயற்கூறுக்கு ஒன்றை மட்டும் கொடுத்தால் பிழைதானே வரும் என்று வாதாடினேன். நீதான், "இல்லடி மக்கு, ஒண்ண இப்பவே குடுத்து வச்சிட்டா, மீதி ரெண்டுக்கும் காத்துனு இருக்கற புது ஃபங்ஷன் கிடைக்கும்" என்று சிரித்தாய். இப்போது நன்றாகப் புரிந்துவிட்டது. செய்தித்தாளில் மாவட்டக் கம்ப்யூட்டர் போட்டிப் பரிசோடு நீ நிற்கும் படத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டேன்.

கிரிவலத்தில் எந்த லிங்கத்தை எத்தனை நிமிடத்தில் அடையலாம் என்று சொல்லும் என் நிரலை, ஊர் மாறிப் போகும்போது நீ பென்டிரைவில் கேட்டாய். கொடுத்தேன். புறப்படும் இடம், நடக்கும் வேகம், சேர வேண்டிய லிங்கம் என்று மூன்றைக் கேட்கும் அது. புறப்படும் இடத்துக்கு நீ ராஜகோபுரத்தைக் கொடுத்து வைத்தாய். மிச்சம் இரண்டை மட்டும் கேட்கும் செயற்கூறுக்குப் புதுப்பெயர் வைத்தாய். படத்தில் உன் பின்னால் இருக்கும் திரையில் தெரிகிற ஒரே வரி. அது ஒவ்வொரு முறையும் உள்ளே என்னுடையதைத்தான் அழைக்கிறது.

மூன்று பௌர்ணமி கைக்கடிகாரத்தோடு சுற்றினேன். குபேர லிங்கத்தில் வரிசை நகராது என்று பதினெட்டு நிமிடம் கூடுதலாக வைத்தேன். அந்தத் திரையிலும் அதே பதினெட்டு. அம்மா பார்த்துவிட்டு, "கால் வீங்குனது உனக்கு, மாலை விழுந்தது அவளுக்காடி?" என்றாள். சிரிக்க முடியவில்லை.

உன் வரி நல்ல வரி, பூஜா. வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்குச் சுலபம். அதை உன்னுடையது என்று சொல். அதற்குள் இருப்பதையும் ஏன் அப்படிச் சொன்னாய்?

மாநிலப் போட்டிக்கு வெள்ளிக்கிழமை வரை நிரலில் இன்னொருவர் பெயரையும் சேர்க்கலாமாம். புகார் எழுதட்டுமா என்று டீச்சர் கேட்டார். "வேணாம் டீச்சர், அவளே சொல்லிடுவா" என்றேன்.  அவர் உன் முகவரியை எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த வகுப்புக்குப் போய்விட்டார்.

அங்கேயும் நீ ஜெயிக்க வேண்டும். டீச்சரிடம் நான் சொன்னதை மட்டும் பொய்யாக்கிவிடாதே.

இப்படிக்கு,
உன்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்த
கவிநிலா