படித்துக்கொண்டிருந்த பெண்

அப்பா,

இன்று காலை பழைய பேப்பர் வாங்கும் கபாடிவாலா வந்திருந்தான். பரணில் கிடந்த பொது அறிவுப் புத்தகங்களைத் தம்பி இறக்கிப் போட்டான். கட்டைப் பிரித்ததும் பழைய காகிதமும் பாச்சை உருண்டையும் கலந்து ஒரு நெடி வந்தது. எல்லாம் நீங்கள் வாங்கி வந்தவை. "யே தோ ஏக்தம் நயா ஹை, தீதி" என்று கபாடிவாலா வியந்தான், புத்தம் புதுசாக இருக்கிறதாம். படித்திருந்தால்தானே பழசாகும்?

போனவர்களோடு சண்டை போடக் கூடாது என்பார்கள். நான் போடத்தான் போகிறேன். அதுவும் படுத்துக்கொண்டே, ஏனென்றால் இன்றைக்கு உட்கார்ந்து எழுதத் தெம்பில்லை.

கல்லூரியில் கடைசி வருஷம் டைபாய்டு வந்தது நினைவிருக்கிறதா? காய்ச்சல் போயிற்று, களைப்பு போகவில்லை. குளித்துவிட்டு வந்தால் படுக்க வேண்டும். தலை வார எடுத்த கை பாதியில் விழுந்துவிடும். தலைக்குக் குளிப்பதா, அம்மாவுக்குக் காய் நறுக்கித் தருவதா, அன்றைக்கு ஏதாவது ஒன்றுதான். டிஸ்பென்ஸரி டாக்டர் ரத்தத்தைச் சோதித்துவிட்டு எல்லாம் நார்மல் என்றார். அந்த நார்மலை நீங்கள் இறுகப் பிடித்துக்கொண்டீர்கள். "எந்திச்சு குளிச்சிட்டு நாலு எட்டு நடந்தா எல்லாம் சரியாப் போகும்" என்பீர்கள். என்றைக்காவது தெம்பாக இருக்கிறதே என்று கோல் மார்க்கெட் வரை நடந்துவிட்டு மறுநாள் எழ முடியாமல் கிடந்தால், "நேத்து நல்லாத்தான நடந்தே?" என்பீர்கள். நடந்ததால்தான் கிடக்கிறேன் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! செவிடன் காதில் ஊதிய சங்கு.

டிகிரி முடித்த பெண் வேலைக்கும் போகாமல், கல்யாணமும் ஆகாமல் பட்டப்பகலில் படுத்திருந்தால் குவார்ட்டர்ஸில் நாலு பேர் கேட்கத்தான் செய்வார்கள். டில்லித் தமிழர்களிடம் அதற்கு ஒரே ஒரு பதில்தான் செல்லுபடியாகும். "ஐ.ஏ.எஸ்.ஸுக்குப் படிச்சிட்டிருக்கா" என்று சொல்லிவிட்டீர்கள். அதற்குமேல் யாரும் வாயைத் திறக்கவில்லை. மரியாதை வேறு கிடைத்தது. "சீக்காளின்னு பேரு வந்துட்டா நம்ம வாசலை எவன் மிதிப்பான்?" என்று நீங்கள் அம்மாவிடம் சொன்னது அடுத்த அறையில் எனக்கும் கேட்டது.

உங்கள் பொய்யை நான்தான் சுமந்தேன். குளிர்காலத்தில் காலனிப் பெண்களெல்லாம் மத்தியான வெயிலில் புல்தரையில் உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னுவார்கள், வேர்க்கடலை உடைப்பார்கள். என் உடம்பு கேட்டதெல்லாம் அந்த வெயிலில் ஒரு பாயை விரித்துப் படுப்பதுதான். நீங்கள் விடவில்லை. "படிக்கிற புள்ள வெளிய மல்லாந்து கெடந்தா பாக்கறவுக என்ன நெனைப்பாவ?" ஆகவே நான் ஐஸ் மாதிரி குளிர்ந்த அறையில் ரஜாய்ப் போர்வைக்குள் கிடந்தேன், நெஞ்சில் ஒரு புத்தகத்தைக் கவிழ்த்துக்கொண்டு. யாராவது வந்தால் அதைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். தடித்தடியான புத்தகங்களாகப் பார்த்து வாங்கியிருந்தீர்களே, தூக்க எனக்குத் தெம்பு இருக்குமா என்றாவது யோசித்தீர்களா? எதிர்வீட்டு மாமி வருஷம் தவறாமல் கேட்பாள், "இந்தத் தரம் எழுதினியோடிம்மா?" நான் வாயைத் திறக்குமுன் நீங்கள் சொல்லிவிடுவீர்கள், "அடுத்த வருஷம் எழுதுதா."

நான் குணமாக வேண்டும் என்றுகூட அப்போது நினைக்கவில்லை. இவள் நிஜமாகவே முடியாமல் கிடக்கிறாள் என்று நீங்கள் ஒருவர் நம்பினால் போதும் என்றிருந்தது.

பிறகு உங்களுக்கு நெஞ்சுவலி வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த சில நாளில், ஒரு காலை, கட்டிலில் உட்கார்ந்து ஷேவ் செய்ய ஆரம்பித்தீர்கள். ஒரு கன்னம் முடிந்தது. மறு கன்னத்துக்குக் கை எழவில்லை. ரேஸரைக் கிண்ணத்தில் போட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்தீர்கள். எதிர்க்கட்டிலில் நான் படுத்திருந்தேன். சோப்பு நுரை காயக் காய என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டீர்கள்.

"ஏளா, ஒனக்குத் தெனமும் இப்படித்தான் இருக்குமா?"

"ஆமாப்பா."

உங்கள் கண் கலங்கியது. நான் பார்த்தேன். இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தீர்கள். அதற்குள் எதிர்வீட்டு மாமி உங்களைப் பார்க்க வந்துவிட்டாள். நலம் விசாரித்துவிட்டு என் பக்கம் திரும்பி, "பொண்ணு எப்படி இருக்கா?" என்றாள். மூச்சு வாங்க வாங்க நீங்கள் சொன்னீர்கள், "படிச்சிட்டிருக்கா."

பக்கத்தில் இருந்த தம்ளரை எடுத்து வீசலாம் போல் இருந்தது. அதற்கும் கையில் வலு இல்லை. மாமி போனதும் பேசலாம் என்று காத்திருந்தேன். நீங்கள் தூங்கிவிட்டீர்கள். அந்த வாரத்திலேயே போய்விட்டீர்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து மாமி வந்தபோது நானே போட்டு உடைத்தேன். "மாமி, நான் எந்தப் பரீட்சைக்கும் படிக்கலை. எனக்கு உடம்பு சரியில்லை. பல வருஷமா இப்படித்தான்." மாமி என் கையைப் பிடித்துக்கொண்டு, "அதான் நான் அப்பவே நெனச்சேன், படிச்சுப் படிச்சே ஒடம்பைக் கெடுத்துண்டுட்டியேடி" என்று அழுதாள். சிரிப்பதா, அழுவதா? உங்கள் பொய் உங்களைவிட ஆயுசு கெட்டி, அப்பா.

அதற்குப் பிறகு எத்தனையோ டாக்டர்களைப் பார்த்தாயிற்று. எங்கே வலி என்கிறார்கள், பசிக்கிறதா என்கிறார்கள். நீங்கள் கேட்டதை யாரும் கேட்கவில்லை. உங்கள் மேல் ஆத்திரம் பொங்கும்போதெல்லாம் அந்தக் கேள்வி குறுக்கே வந்து நிற்கிறது, முழுசாகக் கோபப்படவும் விடமாட்டேன் என்கிறது. ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லிவிட்டேன். மிச்சத்தைச் சொல்ல நீங்கள் இல்லை. தினமும் இப்படித்தான் இருக்கிறது, அப்பா. இன்றைக்கும்.