ஸெலி ஏரிக்கடியிலேயே இருந்துவிட்டாள்

மொரே,
மார்ச் மாதம், ஞாயிறு மாலை

அன்பு மகள் அப்போலினுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். கடல் கடந்த நூமேயாவின் வெயிலிலும் பள்ளிக்கூட வேலையிலும் நீ வாடிப்போகாமல், நேரத்துக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்ற நம்பிக்கையில்தான் தொடங்குகிறேன். இங்கே பனி இன்னும் கூரையை விட்டு இறங்கவில்லை. பக்கத்து வீட்டு தெஸியே அம்மாளின் பூனை நம் விறகுக் கொட்டகையில் குட்டி போட்டிருக்கிறது, விறகு எடுக்கப் போனால் நம்மையே சீறுகிறது. இந்தக் கடிதத்தோடு வந்த பொட்டலத்தைப் பிரித்திருப்பாய். ஆமாம், அம்மாவின் 'தலைகீழ் ஏரி' வரிசையில் கடைசிப் புத்தகம்தான். அச்சாகி வரும்வரை உன்னிடம் மூச்சு விடக்கூடாது என்று எனக்குக் கட்டளை, அதனால்தான் போனில் எல்லாம் வானிலையையே பேசிக்கொண்டிருந்தேன்.

அம்மாவுக்கு மூளையில் ரத்தம் அடைத்து வலது கை விழுந்தபோது நீ வந்து பார்த்துவிட்டுப் போனாய். அதன் பிறகு அவள் எழுதும் மேசைப் பக்கமே போகவில்லை. மழை கீழிருந்து மேலே பெய்கிற அந்த ஏரியடி ஊருக்குச் சின்னப்பெண் ஸெலியை அனுப்பிவிட்டு, நாலு புத்தகமாக அங்கேயே விட்டுவைத்திருக்கிறாளே, பிள்ளைகள் சும்மா இருப்பார்களா. ரொட்டிக் கடையில் நின்றால், "ஸெலி எப்ப வீட்டுக்கு வருவா?" என்று சூழ்ந்துகொள்ளும். கடைசியில் அம்மா ரொட்டிக் கடைக்குப் போவதையே நிறுத்திவிட்டாள். ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பார்க்கப் பொறுக்காமல் ஒருநாள் மத்தியானம் கம்ப்யூட்டரைத் தூக்கிவந்து சமையலறை மேசையில் வைத்து, "நீ சொல்லு, கிஸ்லேன், நான் அடிக்கிறேன்" என்றேன். "உனக்குக் கதைன்னாலே கொட்டாவி வருமே" என்றாள். "கொட்டாவி விட்டுக்கிட்டே அடிக்கிறேன்" என்றேன். அப்படித்தான் தொடங்கியது. பாலாடைக்கட்டிக் கிடங்கில் காலம் தள்ளியவன் நான், இரண்டு விரலால் தட்டினேன். கதையில் வரும் கொக்கு எப்படி நீதிபதி ஆகும் என்று கேட்டால், "ஒத்தக் கால்ல நாளெல்லாம் நிக்குமே, அந்தப் பொறுமை எந்த நீதிபதிக்கு இருக்கு" என்பாள். போன வருஷப் பனிக்காலம் முழுக்க வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது என்று தெஸியே அம்மாள் இன்னமும் சொல்கிறாள்.

வம்பு வந்தது கடைசி அத்தியாயத்தில். ஸெலி திரும்பி வரமாட்டாள் என்று அம்மா சொன்னாள். எனக்கு விரல் ஓடவில்லை. அந்த வாரம்தான் உன் கடிதம் வந்திருந்தது, பள்ளிக்கூடத்தில் நிரந்தரமாக இருக்கச் சொல்கிறார்கள், இன்னும் ஒரு வருஷம் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று. "பெத்தவங்க கரையில காத்துக்கிட்டு நிக்கிறாங்க, பொண்ண வரவே விடமாட்டேன்னா என்ன கதை இது?" என்று கேட்டுவிட்டேன். "நீ டைப் அடிக்க உக்காந்தியா, தீர்ப்புச் சொல்ல உக்காந்தியா?" என்றாள். "இத நான் அடிக்க மாட்டேன்" என்று எழுந்துவிட்டேன். பிறகு ஒரு வாரம் நாங்கள் பேசிக்கொண்டது உப்பை எடு, கதவைச் சாத்து, அவ்வளவுதான். பதிப்பகத்து அம்மாள் போன் செய்தபோது, "என் டைப்பிஸ்ட் வேலைநிறுத்தம் பண்றார்" என்று என் காதுபடவே சொன்னாள்.

ஒரு காலை வாசல் பனியை வாரிக்கொட்டிவிட்டு உள்ளே வருகிறேன், அம்மா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். இடது கையின் ஒற்றை விரலால் எழுத்தைத் தேடித் தேடி அழுத்திக்கொண்டிருந்தாள். நெற்றியெல்லாம் வியர்வை. கை விழுந்த நாளிலிருந்து அவளாக எழுதிப் பார்த்தது அதுதான் முதல் தடவை. பூட்ஸைக்கூடக் கழற்றாமல் பின்னால் நின்று படித்தேன். ஸெலி ஏரியின் அடியில் நின்று அண்ணாந்து பார்க்கிறாள், மேலே தன் வீட்டுச் சமையலறை விளக்கு தெரிகிறது, கையை ஆட்டுகிறாள், பிறகு அவளுக்காகக் காத்திருக்கும் ஏரியடி ஊர்ப் பிள்ளைகளிடம் ஓடுகிறாள். அவ்வளவுதான். நாற்காலியை இழுத்துப்போட்டு, "மீதியச் சொல்லு, அடிக்கிறேன்" என்றேன். "வேண்டாம், இத நானே அடிக்கிறேன், நீ காப்பி போடு" என்றாள். போட்டேன். அந்த அத்தியாயத்தை முடிக்க அவளுக்கு அந்த வருஷப் பனி உருகும்வரை ஆனது, ஒரு எழுத்துக்கூட நான் தொடவில்லை.

போன சனிக்கிழமை ஊர் நூலகத்தில் வாசித்தாள். பிள்ளைகள் தரையில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். முடிந்ததும் முன்பல் விழுந்த ஒரு சிறுமி எழுந்து, "அவ அம்மா அப்பா பாவம் இல்லையா?" என்று கேட்டாள். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அவங்களுக்கு என்ன, சூப் சூடா இருக்கு, சண்டை போட ஆள் இருக்கு. பொண்ணு நல்லா இருக்கான்னும் தெரியும்" என்றாள். அந்தச் சிறுமி யோசித்துப் பார்த்துவிட்டு, சரி என்று உட்கார்ந்துவிட்டாள். நானும்தான்.

ஆகையால் கண்ணு, பள்ளிக்கூடத்தில் மறுபடி கேட்டால் எங்களை நினைத்துத் தள்ளிப்போடாதே. உனக்குப் பிடித்திருந்தால் கையெழுத்துப் போடு. நேற்று இதைத்தான் அம்மாவிடம் சொன்னேன். அவள், "ஸெலியோட அப்பா அம்மாவுக்குத் தண்ணிக்குள்ள இறங்கத் தெரியாது. நமக்கு விமானம் இருக்கே" என்றாள். டிக்கெட் எடுத்தாயிற்று, ஆகஸ்டில் வருகிறோம். டாக்டரும் போகலாம் என்றுவிட்டார்.

நோய் நொடி அண்டாமல், நினைத்த காரியம் கைகூடி, மனம் போல வாழ வேண்டும் என்று இருவரும் உன்னை வாழ்த்துகிறோம். ஒன்று மறக்காதே, மாடியில் அறை இருக்கிறது என்றாயே, அம்மா பிடித்து ஏறுவதற்குப் படியின் இடதுபக்கம் ஒரு கைப்பிடி போட்டுவை.

முத்தங்களுடன்,
உன் அப்பா
அன்செல்ம்